நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் முதுநிலைப் பட்டத்தை இணையவழியில் படிக்கலாமா? வடசென்னைச் செவிலியர்களின் கேள்விகளும் பதில்களும்

வடசென்னையின் மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பணியாற்றும் செவிலியர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் (செவிலியர் தகவலியல்) என்பது நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் சரியாகப் பதியவும் பகிரவும் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும் வழிசெய்யும் செவிலியத் துறை. நான் வார்டு செவிலியராக இருந்தவள். அமெரிக்காவில் பணியில் இருந்தபடியே இந்தப் பட்டத்தை இணையவழியில் முடித்து, இப்போது பெரம்பூரில் வசித்துக்கொண்டு ஒரு மருத்துவமனையின் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். விசா, கல்விக் கடன் பற்றிய கேள்விகளுக்கு அத்துறை அறிந்தவர்களை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யு.வில் இருக்கிறேன். ஆன்லைனில் இந்தப் பட்டம் வாங்கினால் நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகலாமா? (தண்டையார்பேட்டை)

ஆசிரியப் பணிதான் உங்கள் குறிக்கோள் என்றால் இந்த வழியில் போகாதீர்கள். நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் பாடத்திட்டப்படி, கல்லூரிக்கு நேரில் சென்று படிக்க வேண்டிய இரண்டு ஆண்டுப் படிப்பு. மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், சமூக நலம், மனநலம் ஆகியவையே அதன் சிறப்புப் பிரிவுகள். தகவலியல் அவற்றில் இல்லை. தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாதவை என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒதுக்கிவைத்திருக்கும் படிப்புகளில் செவிலியமும் ஒன்று. ஆகவே "ஆன்லைன் எம்.எஸ்சி. நர்சிங், இந்தியா முழுவதும் செல்லும்" என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால், அதைப் படித்துப் பார்க்காமலே மடித்து வைத்துவிடலாம்.

உண்மையில் இணையவழியில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எம்.எஸ்.என். என்ற செவிலிய முதுநிலைப் பட்டம். அதில் சேர, பல கல்லூரிகள் அந்நாட்டின் ஏதேனும் ஒரு மாநிலத்தில் நடப்பில் உள்ள பதிவுச் செவிலியர் உரிமத்தைக் கேட்கின்றன. அதற்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். கல்லூரிக்கு, அங்கே செவிலியப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே பாருங்கள், விளம்பரத்தில் பார்க்காதீர்கள். வெளிநாடு செல்லத் திட்டமிருப்பவருக்கும், ஏற்கெனவே அங்கே பணியில் இருப்பவருக்கும் இந்தப் பட்டம் நல்ல முதலீடு. இங்கேயே இருந்து மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கோ மருத்துவ மென்பொருள் நிறுவனத்துக்கோ மாற விரும்புபவருக்கு அது உதவக்கூடும். ஆனால் அத்தகைய இடங்களில் பட்டத்தைவிட, வார்டு வேலையும் கணினியும் ஒருசேரத் தெரிந்தவர் என்ற பெயர்தான் முதலில் பேசும். பணம் கட்டும் முன், இந்தியாவில் இருந்தபடி சேர முடியுமா என்ற கேள்விக்கான பதிலைக் கல்லூரியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

ஆன்லைன் என்றால் எல்லாமே வீட்டிலிருந்தே முடிந்துவிடுமா, சிஸ்டர்? (கொளத்தூர்)

பாடங்கள் முடியும், களப்பயிற்சி முடியாது. பிராக்டிகம் எனப்படும் அந்தப் பயிற்சிக்கு ஒரு மருத்துவமனையும், உங்கள் வேலையை மேற்பார்வையிட்டுக் கையெழுத்திடத் தகுதியுள்ள வழிகாட்டி ஒருவரும் வேண்டும். படிப்புக்குப் பின் அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையத்தின் தேர்வை எழுத நினைப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். தகவலியல் துறையிலேயே 2,000 மணி நேரம் பணியாற்றியவர் அந்தத் தேர்வை எழுதலாம். அவ்வளவு பணி நேரம் இல்லாதவர், ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்தது 200 மணி நேரக் களப்பயிற்சி கொண்ட முதுநிலைப் படிப்பை முடித்திருந்தால் எழுதலாம். வழிகாட்டியைக் கல்லூரி தேடித் தரும் என்று நினைத்துச் சேர்ந்து, கடைசிப் பருவத்தில் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியவர்களை நான் அறிவேன். வழிகாட்டியைத் தேடித் தருவது யார் பொறுப்பு, சென்னை மருத்துவமனையை ஏற்பார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

கோடிங் தெரிய வேண்டுமா? (எண்ணூர்)

வேண்டாம். தரவுத்தளத்திலிருந்து விவரங்களைக் கேட்டு எடுக்கும் எஸ்.கியூ.எல். மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும், அதையும் படிக்கும்போதே கற்றுக்கொள்ளலாம்.

நான் ஜி.என்.எம். டிப்ளமா படித்தவள். நேரடியாகச் சேரலாமா? (மூலக்கடை)

முதலில், டிப்ளமா படித்தவர்களுக்கான பட்டப்படிப்பாகிய போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடியுங்கள்.

நான் நகர்ப்புறச் செவிலியர். கர்ப்பிணிகளின் விவரங்களைத் தினமும் பிக்மி தளத்தில் பதிவு செய்கிறேன். இதுவும் இன்ஃபர்மேடிக்ஸ்தானா, அல்லது வெறும் டைப்பிங்தானா? (வியாசர்பாடி)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் ஒரு கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 8.2 என்று பதிவு செய்கிறீர்கள். தனியாக நிற்கும்வரை அது ஒரு தரவு. பன்னிரண்டாம் வாரத்தில் 10.1 ஆக இருந்தது இருபத்தெட்டாம் வாரத்தில் 8.2 ஆகிவிட்டது என்று பார்க்கும்போது அது தகவல் ஆகிறது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கியும் அவர் சாப்பிடவில்லையா, வேறு காரணம் உண்டா என்று நீங்கள் யோசிப்பது அறிவு. தரவு, தகவல், அறிவு என்ற இந்தப் படிநிலையின் மேல்தான் 1989இல் கிரேவ்ஸ், கோர்கோரன் என்ற இருவர் செவிலியர் தகவலியலுக்கு வரையறை எழுதினார்கள். விவேகம் என்ற நான்காவது படி பின்னர் சேர்ந்தது. முதல் பருவத்தில் பக்கம் பக்கமாகப் படிப்பது இதைத்தான்.

அதே பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போய், வேறு மாவட்ட மருத்துவமனையில் அனுமதிக்கப்படும்போது, அங்குள்ளவர்கள் உங்கள் பதிவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, "இரத்தசோகை" என்பதை இரண்டு இடத்திலும் ஒரே குறியீட்டால் குறிக்க வேண்டும். ஸ்நோமெட் சி.டி. (நோய்ச் சொற்களுக்கான குறியீடு), லோயிங்க் (பரிசோதனைகளுக்கான குறியீடு), ஃபயர் (பதிவுகளைப் பரிமாறும் முறை) போன்ற தரநிலைகள் இதற்காகவே உள்ளன. 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ஆபா என்ற 14 இலக்கத் தனிநபர் சுகாதார எண்ணும் இந்த முயற்சியின் பகுதிதான்.

பிறந்த தேதி தெரியாத பெண்களுக்கு 01.01 என்று பதிகிறோம் அல்லவா? உங்கள் பகுதிப் பட்டியலை ஒருமுறை பிறந்த தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். சனவரி முதல் நாளில் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டம் ஏன் வந்தது, அதனால் யாரை யாராக மாற்றி எடுத்துவிடும் ஆபத்து உண்டு என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தால், நீங்கள் செய்வது டைப்பிங் அல்ல.

இந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா? (புளியந்தோப்பு, மாதவரம், கொருக்குப்பேட்டை, மணலி)

முதல் பதிலைப் படியுங்கள். நால்வருக்கும் அதுதான் பதில்.

கணினி வந்த பிறகு செவிலியர் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ரிஜிஸ்டரில் எழுதியதையே மறுபடி கணினியில் ஏற்றுகிறோம். இந்தக் கூத்துக்கு ஒரு முதுநிலைப் பட்டமா? (திருவொற்றியூர், மூத்த செவிலியர்)

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதச் சொல்வது கணினியின் குற்றமன்று; கணினியைக் கொண்டுவந்தபோது எந்த ரிஜிஸ்டரை நிறுத்துவது என்று முடிவெடுக்க ஒருவரும் துணியாததன் விளைவு.

இரவுப் பணியில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர். இரண்டு மணிக்குப் பார்த்த பி.பி.யையும் நாடித்துடிப்பையும் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் குறித்துக்கொள்கிறோம். ஆறு மணிக்கு ஒரே மூச்சில் எல்லோருடையதையும் கணினியில் ஏற்றுகிறோம். திரையில் எல்லா நோயாளிக்கும் நேரம் ஆறு மணி என்றே விழுகிறது. நாடித்துடிப்பு, பி.பி. போன்றவற்றிலிருந்து கணக்கிடும் நியூஸ்-2 போன்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் 7ஐத் தொட்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு 7ஐத் தொட்டவரைப் பற்றிக் கணினி ஆறு மணிக்கு எச்சரித்து என்ன பயன்? இதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்ல வார்டில் நின்ற ஒருவர் வேண்டும். மென்பொருள் எழுதுபவருக்கு அந்த அட்டை கண்ணில் படாது.

இது நேற்று முளைத்த துறையும் அன்று. மேரிலாந்து பல்கலைக்கழகம் 1988இலேயே இதில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1992இல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

மேலே உள்ள பதிலுக்கு மறுப்பு: சர்வர் நின்றால் ரிஜிஸ்டர்தான் காப்பாற்றுகிறது. தணிக்கைக்கு வருபவரும் அதைத்தான் கேட்கிறார். எப்படி நிறுத்துவது? (ராயபுரம்)

சர்வர் நிற்கும் நேரத்துக்கென்று அச்சிட்ட தாள் ஒரு கட்டு வார்டில் இருக்க வேண்டும். சர்வர் வந்ததும் அதை யார், எவ்வளவு நேரத்துக்குள் ஏற்றுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எப்போதோ வரும் தடங்கலுக்காக ஆண்டு முழுவதும் இரட்டை வேலை செய்வது முன்னேற்பாடு ஆகாது. தணிக்கையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. தணிக்கையாளர் எதை ஏற்பார் என்பதை நிர்வாகம் பேசி முடிக்காமல் ரிஜிஸ்டரை நிறுத்தினால், அகப்பட்டுக்கொள்பவர் வார்டு சிஸ்டர்தான்.

நேரத்தை மாற்றிப் பதிந்தால் மெமோ வருமே? அதனால்தான் எல்லோரும் ஆறு மணி என்றே விட்டுவிடுகிறார்கள். (பெரம்பூர், ஓய்வுபெற்ற வார்டு பொறுப்பாளர்)

இந்த விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, நன்றி. பார்த்த நேரமும் பதிந்த நேரமும் திரையில் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். முதலாவதைச் செவிலியர் எழுதட்டும், இரண்டாவதைக் கணினி தானே போட்டுக்கொள்ளட்டும். தாமதமாகப் பதிவது குற்றமல்ல என்று நிர்வாகம் அறிவிக்க வேண்டும். உண்மையை எழுதினால் மெமோ, பொய்யை எழுதினால் நிம்மதி என்ற நிலை இருக்கும்வரை எந்த மென்பொருளும் பயன்படாது. இந்த ஒரே பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இரண்டு நேரங்களுக்கும் இடையிலான இடைவெளியை ஒரு மாதம் அளந்தால், அதுவே ஒரு முழுக் களப்பயிற்சித் திட்டம்.

பாட வேலைக்காகக் கேஸ் ஷீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா? பெயரை மறைத்துவிடுவேன். (வண்ணாரப்பேட்டை)

கூடாது. பெயரை மறைத்தாலும் வயது, அனுமதித்த தேதி, வார்டு, அரிதான நோய் என்று சேர்ந்தால் பக்கத்துத் தெருக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நோயாளி அந்தத் தாளை நம்மிடம் தந்தது சிகிச்சைக்காக. மருத்துவமனையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அல்லது கற்பனைத் தரவைப் பயன்படுத்துங்கள்.

என் மனைவி செவிலியர், நான் பி.இ. படித்தவன். இருவரும் சேரலாமா? (பெரம்பூர்)

செவிலியர் அல்லாத உங்களுக்கு உரியது ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ். மனைவியின் கேள்வியை அவரே எழுதட்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? (தண்டையார்பேட்டை)

பெரும்பாலான படிப்புகள் 30 முதல் 40 கிரெடிட் (பாட அளவின் அலகு) கொண்டவை. ஒரு கிரெடிட்டுக்கான கட்டணத்தை அதனால் பெருக்கி, தொழில்நுட்பக் கட்டணம், களப்பயிற்சிக் கட்டணம், ரூபாய் மதிப்பின் இறக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏஜென்ட் ஒருவர், உரிமம் தேவையில்லை, ஒரே வருடம், வேலை நிச்சயம் என்கிறார். (மாதவரம்)

அவரை எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

நைட் டூட்டி பார்ப்பவரால் வகுப்புகளுக்கு ஈடுகொடுக்க முடியுமா, அக்கா? (காசிமேடு)

முடியும். பெரும்பாலான வகுப்புகள் பதிவு செய்யப்பட்டவை; நமக்கு வசதியான நேரத்தில் பார்க்கலாம். வாரந்தோறும் விவாதக் கட்டுரையும் பணிக்கட்டுரையும் கொடுப்பதற்குத்தான் கெடு உண்டு. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் ஞாயிறு இரவு 11.59 என்பது நமக்குக் கோடையில் திங்கள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29. எட்டு மணிக்கு டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் எழுதியதை நீங்களே மறுநாள் படிக்க மாட்டீர்கள், சனிக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.