ஆன்-வோவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பிரான்ஸின் தென்கரையில் உள்ள கலாங்க் பாறைக்கரையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, ஜூலை இரண்டாம் வாரம் அங்குள்ள கஸ்ஸி என்ற ஊருக்குப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். பாரிஸிலிருந்து நான்கு பேர் வருகிறோம்: நான், கணவர், 9 வயது மகன், 63 வயது அம்மா. அம்மா போன வருடம்கூடப் பழனிப் படிகளை எங்கும் உட்காராமல் ஏறியவர்.

போர்-மியூ, போர்-பான், ஆன்-வோ ஆகிய மூன்று கலாங்க்குகளையும் (பாறைச் சுவர்களுக்கு நடுவே உள்ள கடற்குடாக்கள்) காலையில் நடந்து பார்த்துவிட்டு, மாலையில் காப் கனாய் முகட்டுக்கும் போய்விடலாம் என்று திட்டம். வரைபடத்தில் போக வர ஒன்பது கிலோமீட்டர்தான் காட்டுகிறது. பத்து மணிக்குக் கிளம்பினால் போதும்தானே? வழியில் குடிநீர் கிடைக்குமா? செருப்பு போதுமா, ஷூ வேண்டுமா? முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு தோழி சொல்கிறார், உண்மையா? இன்னொன்று: தெரிந்தவர்கள் சிலரை, வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில், தீ அபாயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நல்ல நாளில் ஏன் மூடுகிறார்கள்?

ஒரு வாசகி, பாரிஸ்

*

அன்புள்ள தோழிக்கு,

அம்மாவை ஆன்-வோவுக்கு நடத்தி அழைத்துப்போக வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

பழனி ஏறும் கால்கள் வலுவான கால்கள்தான். ஆனால் பழனியில் உடம்பு தெம்பாக இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். ஆன்-வோவில் அது அப்படியே தலைகீழ். முதலில் இறக்கம். கடலில் குளித்து, சாப்பிட்டு, வெயிலில் உட்கார்ந்து, தண்ணீரும் தீர்ந்துவரும் பிற்பகலில்தான் ஏற்றம் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தில் படியும் இல்லை, கைப்பிடியும் இல்லை. சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். முழங்கால் நன்றாக இருக்கும் ஒருவருக்குக்கூட அந்த இறக்கம் அச்சம் தரக்கூடியது.

நீங்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறீர்கள். இங்கே பார்க்க வேண்டியது கல். சமதளச் சாலையில் ஒன்பது கிலோமீட்டர் இரண்டு மணி நேர நடை. இங்கே மகனோடு போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கஸ்ஸிக்கு மேற்கே இருப்பது கெட்டியான வெள்ளைச் சுண்ணாம்புக்கல். உளி பட்டால் சீராக உடையும், தேய்த்தால் மெருகேறும். அதனால்தான் போர்-மியூவின் கரையிலேயே கல் வெட்டினார்கள். அந்தக் குவாரியின் மிச்சங்களைப் பாதையோரம் பார்ப்பீர்கள். கட்டடத்துக்கு நல்லதான அதே குணம் நடப்பவருக்கு ஆகாது. பழைய கோயில் படியின் நடுப்பகுதி கால்பட்டுக் கால்பட்டு வழவழவென்று ஆகியிருக்குமே, ஆன்-வோ இறக்கம் முழுக்க அப்படித்தான். அதன்மேல் பொடிமண்ணும் சிறுகல்லும் உருண்டு கிடக்கும். காய்ந்திருக்கும்போதே வழுக்கும். தூறல் விழுந்தால் இறங்கவே கூடாது.

செருப்பு கூடாது. நகரத்தில் ஓடும் மெல்லிய ஷூவும், அடிப்பக்கம் தேய்ந்திருந்தால், செருப்புக்குச் சமம்தான். பிடிப்புள்ள, ஆழமான வரிகள் கொண்ட அடிப்பாகம் வேண்டும். புதிது வாங்கினால் பாரிஸிலேயே பத்து நாள் போட்டு நடந்து பழகிவிட்டு வாருங்கள். பாதையின் அகலத்துக்குள் எங்கே கால் வைப்பது என்று பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள்: பளபளக்கும் கல்லைத் தவிருங்கள், மங்கிய சாம்பல் நிறச் சொரசொரப்புக் கல்லில் வையுங்கள். செங்குத்தான இடத்தில் ஏணியில் இறங்குவதுபோல் பாறையைப் பார்த்தபடி திரும்பி இறங்குங்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் பையனுக்குக் கீழே, ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். கைத்தடி கொண்டுவந்தால் அந்த இடத்தில் மடித்துப் பையில் செருகிவிடுங்கள். இரண்டு கைகளும் காலியாக இருப்பது முக்கியம். குளித்துவிட்டுக் கிளம்பும்போது பாதத்தையும் ஷூவின் அடியையும் துடைத்துவிட்டு ஏறுங்கள். ஈரக்காலோடு அப்படியே ஏறத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரை விட்டால் வழியில் குழாயும் இல்லை, ஊற்றும் இல்லை. சுண்ணாம்புக்கல் மழையை மேலே தங்க விடாது. விரிசல்களில் வாங்கி உள்ளே இறக்கிவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றால், போர்-மியூவில், நீங்கள் நடக்கும் பாதைக்குக் கீழே, ஒரு நிலத்தடி ஆறாக வந்து கடலுக்கு அடியில் கலக்கிறது. அதைக் குடிநீராக்க ஆசைப்பட்டு, கடல்நீர் ஏறாமலிருக்க 1970களில் குகைக்குள் தடுப்பணைகூடக் கட்டிப் பார்த்தார்கள். உப்பு போகவில்லை. ஆக, காலடியில் ஆறு ஓடும் மலையில் நீங்கள் முதுகில் தண்ணீர் சுமக்க வேண்டும். ஜூலையில் பெரியவருக்கு 3 லிட்டர், பையனுக்கு 2 லிட்டர். ஒருவருக்கு ஒரு பாட்டிலை முந்தைய இரவே முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்துவிடுங்கள், பிற்பகலில் உதவும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையில் போகும் உப்பைத் திருப்பித் தர, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் புளியோதரையும் நல்லவை. தயிர்சாதம் அந்த வெயிலில் தாங்காது. பாதி தண்ணீர் தீர்ந்தால் நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்-வோவில் கரைக்கு இறங்கும்போது பாதிக்கு மேல் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் கடினமான பாதி இன்னும் வரவில்லை. குப்பையைத் திரும்பச் சுமந்து வரப் பை ஒன்று வேண்டும். உள்ளே தொட்டி இல்லை.

மேகமில்லாத நாளில் ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வானம் துலக்கமாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே: மிஸ்திரால். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் உலர்காற்று அது. மேகத்தைத் துடைத்துவிடும், செடியில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அலெப்போ பைனும் ரோஸ்மேரியும் பிசினும் எண்ணெயும் நிறைந்த செடிகள். அந்தக் காற்றில் ஒரு பொறி விழுந்தால் மனிதர் ஓடும் வேகத்தைத் தீ முந்திவிடக்கூடும். ஆன்-வோவில் இருப்பவருக்கு வெளியேற, வந்த ஏற்றத்தை விட்டால் நீண்ட பள்ளத்தாக்குதான் வழி. ஆகவே அஞ்சல் அட்டைப் படம்போல வானம் நீலமாக இருக்கிறதே என்று மகிழும் நாள்தான் மூடப்படுவதற்கு வாய்ப்புள்ள நாள். திருப்பி அனுப்பும் காவலர்களிடம் வாதாடாதீர்கள், அவர்கள் செய்வது சரி.

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மாவட்ட நிர்வாகம் திறப்பதா மூடுவதா என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்து, முந்தைய நாள் மாலை 6 மணி முதல் அறிவிக்கிறது. கலாங்க் தேசியப் பூங்காவின் ‘மே கலாங்க்’ செயலியில் பார்க்கலாம். அறிவிப்பு சிவப்பு நிறத்தில் இருந்தால் யாருக்கும் நுழைவு இல்லை. மீறினால் 135 யூரோ அபராதம். அதனால் கஸ்ஸியில் ஒரே ஒரு நாள் வைத்துக்கொண்டு வராதீர்கள். குறைந்தது மூன்று இரவுகள். எந்த நாள் நடை என்பதை முந்தைய மாலை 6 மணிக்குத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மிஸ்திரால் ஓய்ந்த மறுநாள் ஒன்று கவனியுங்கள். காற்று மேல்மட்டத்தின் வெதுவெதுப்பான நீரைக் கரையை விட்டுத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். நடு ஜூலையில்கூட 24 டிகிரி இருந்த கடல் ஓரிரு நாளில் 16 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். வியர்த்து வந்த பையனை நேராகக் குதிக்க விடாதீர்கள். காலை நனைத்து, முகத்திலும் மார்பிலும் தெளித்து, மெதுவாக இறக்குங்கள்.

முன்பதிவு பற்றி உங்கள் தோழி சொன்னது வேறொரு இடத்துக்கு: மார்செய் நகரத்துப் பக்கம், லுமினி என்ற பகுதியிலிருந்து இறங்கும் சுஜித்தோன் கலாங்க். உச்ச நாட்களில் 2,500 பேர் வரை வந்து மண் அரித்துப்போனதால், 2022 முதல் கோடையில் ஒரு நாளைக்கு 400 பேர் என்று வரம்பு வைத்தார்கள். பதிவு இலவசம். ஆன்-வோவுக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஆனாலும் நீங்கள் போகும் ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்து மணிக்குக் கிளம்புவது மிகவும் தாமதம். ஆறரைக்குப் பாதையில் இருங்கள். கஸ்ஸி ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆகவே ஊருக்குள் தங்குவது உத்தமம். காரில் வந்தால் போர்-மியூ அருகே உள்ள பிரஸ்கீல் நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு ஊருக்கு மேலே கோர்கெத் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஷட்டில் பேருந்தில்தான் வர வேண்டும்.

போர்-மியூவில் படகுகள் வரிசையாகக் கட்டிய நீண்ட குடாவின் ஓரமாக நடப்பீர்கள். அம்மா இதுவரை தாராளமாக வரலாம். அங்கிருந்து சிவப்பு-வெள்ளைக் கோடு போட்ட ஜி.ஆர். 98-51 என்ற நெடுநடைப் பாதையைப் பிடித்தால் சுமார் முக்கால் மணியில் போர்-பான். பாறையிலேயே வேர்விட்டு நிற்கும் பைன் மரங்களால் வந்த பெயர். சின்ன கரை, சரிவு மெதுவானது, பையன் குளிக்கச் சரியான இடம். சிவப்பும் வெள்ளையும் பெருக்கல் குறிபோல் குறுக்கே தீட்டப்பட்டிருந்தால் அது தவறான வழி, திரும்பி விடுங்கள். போர்-பானுக்குப் பின் பாதை உள்பள்ளத்தாக்கில் ஏறி, மேட்டைக் கடந்து, நான் மேலே சொன்ன இறக்கத்துக்குக் கொண்டுபோகும்.

அந்த இறக்கத்தின் உச்சியில் நின்று முடிவு செய்யுங்கள். மணி 9-ஐத் தாண்டியிருந்தாலோ, பையன் சிணுங்கத் தொடங்கியிருந்தாலோ இறங்காதீர்கள். கடல் பக்கம் மேட்டின் விளிம்பிலிருந்து ஆன்-வோவின் நீலமும் இருபுறச் சுவர்களும் முழுதாகத் தெரியும். கீழே கூழாங்கல் கரையில் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடையாது. பார்த்துவிட்டுப் போர்-பானுக்குத் திரும்பிக் குளியுங்கள். ஒன்பது வயதுக்கு அதுவே நிறைவான நாள் என்பது என் எண்ணம். இறங்குவதென்றால் 11 மணிக்குள் மேலே ஏறிவிட வேண்டும். அடிபட்டால் 112-ஐ அழையுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், ஒருவர் மேலேறிப் பேச வேண்டியிருக்கும்.

அம்மாவுக்குத் துறைமுகத்திலிருந்து படகு. மூன்று கலாங்க்குகளைச் சுற்றிவர முக்கால் மணி நேரம். உங்கள் மகனையும் இன்னொரு நாள் அதில் ஏற்றுங்கள், இந்தக் குடாக்கள் எல்லாம் கடல் புகுந்த பள்ளத்தாக்குகள் என்பது நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் புரியும். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இதற்குச் சாட்சி மேற்கே மோர்ஜியூ முனையில் இருக்கும் கொஸ்கேர் குகை: அதன் வாயில் இன்று கடலுக்கு 37 மீட்டர் அடியில். ஆன்ரி கொஸ்கேர் என்ற முக்குளிப்பவர் 1985-இல் கண்டார். 1991-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. உள்ளே பழங்கால மனிதர் விட்டுச்சென்ற குதிரை, கடல்நாய் ஓவியங்களும் கைத்தடங்களும் இருக்கின்றன. குகைக்குள் போக முடியாது, ஆனால் அதன் மாதிரியை 2022 முதல் மார்செயில் பார்க்கலாம். சிவப்பு அறிவிப்பு வந்த நாளுக்கு அதை ஒதுக்கி வையுங்கள். காற்று பலமாக இருந்தால் படகும் ஓடாது.

காப் கனாயை அதே நாளில் சேர்க்காதீர்கள். ஊருக்குக் கிழக்கே, விரிகுடாவின் மறுபக்கம், கல்லே வேறு: காவி நிற மணற்கல்லும், கூழாங்கல் பதிந்த பாறையும். அங்கே 394 மீட்டர் வரை எழும் முகடு பிரான்ஸின் மிக உயரமான கடற்பாறைகளில் ஒன்று. பக்கத்து ஊரான லா சியோத்தாவுக்குப் போகும் முகட்டுச் சாலையில், மாலைச் சூரியன் பாறையில் படும் நேரத்தில் காரில் போனால் போதும், அம்மாவும் வரலாம். ஆனால் விளிம்புக்கு நான்கைந்து அடி முன்பே நின்றுவிடுங்கள். கூழாங்கற்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைமண் உப்புக்காற்றில் உதிர்ந்து, ஓரம் சொல்லாமல் கழன்றுவிடும். வேலியும் பெரும்பாலும் இல்லை. பலத்த காற்றில் அந்தச் சாலையையும் மூடிவிடுவார்கள்.

தேதியை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். பள்ளியின் தூசேன் (அனைத்துப் புனிதர் திருநாள்) விடுமுறை அக்டோபர் கடைசியில்தானே வருகிறது? தினசரி மூடல் முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், கடலிலும் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னே வைத்தபின் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள். இலையுதிர் கால மழை இங்கே கொட்டித் தீர்க்கும். மழை பெய்த மறுநாளும் கல் காயும்வரை போர்-பானோடு திரும்பிவிடுங்கள்.