ஜப்பான் பேரரசர் எப்போதாவது நிஜமாகவே ஆட்சி செய்தாரா?

செய்தார், ஆனால் கொஞ்ச காலம்தான். 7-ஆம் நூற்றாண்டில் பேரரசர் தென்மு நேரடியாக ஆண்டார். அப்புறம் புஜிவாரா குடும்பம் அரண்மனைக்குப் பெண் கொடுத்து, பேரன் பெயரில் அதிகாரம் செலுத்தியது. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதிகாரம் ஷோகன்கள் எனப்பட்ட படைத்தலைவர்களிடம் போனது. 1526-இல் அரியணை ஏறிய பேரரசர் கோ-நாராவுக்கு முடிசூட்டு விழா நடத்தக்கூடப் பணமில்லை. பத்து வருடம் காத்திருந்தார். அப்போதும் அந்த வம்சத்தை யாரும் அகற்றவில்லை. ஷோகன் பட்டத்தையே பேரரசர்தானே கொடுக்க வேண்டும்!

1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்து, அதிகாரம் பேரரசர் பெயருக்குத் திரும்பியதும் நிலைமை தலைகீழ். 1889 அரசியலமைப்பு அவரைப் புனிதமானவர் என்றது. ஆனாலும் அன்றாட முடிவுகள் பெரும்பாலும் அமைச்சர்கள், தளபதிகள் கையில்தான்.

1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் சரணடைவை அறிவித்த பேரரசர் ஹிரோஹிதோவின் குரலை மக்கள் முதன்முறையாக வானொலியில் கேட்டார்கள். அரண்மனை நடைமொழி என்பதால் பலருக்குச் சரியாகப் புரியவே இல்லை. 1947 முதல் பேரரசர் நாட்டின் அடையாளம் மட்டுமே. ஆட்சி அதிகாரம் கிடையாது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதற்கும் பிந்தையது. 1991-இல் உன்சென் எரிமலை வெடித்தபோது, முகாமில் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் ஹிரோஹிதோவின் மகனும் அப்போதைய பேரரசருமான அகிஹிதோ முழங்காலிட்டு, அவர்கள் முகம் பார்த்துப் பேசினார்.