நடைப்பயிற்சியும் இதயமும்: கேள்வி-பதில்

கேள்வி: இதயத்துக்காக நடக்கிறேன். தினமும் பத்தாயிரம் அடி கட்டாயமா?

இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் அது. வாரம் 150 நிமிட மிதமான நடை போதும். ஐந்து நாள், அரைஅரை மணி. முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கேள்வி: எனக்கு பிபி. வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன். நடக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு ஏறலாம்?

வயதும் எழுதவில்லை, மாத்திரையின் பெயரும் இல்லை. மருந்துக்கடையில் பாதி மாத்திரை வெள்ளைதான்! 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 50 முதல் 70 சதவீதம் என்பது பொதுக்கணக்கு. நீங்கள் சாப்பிடுவது மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகையென்றால் அது செல்லாது. அவை துடிப்பை ஏற விடமாட்டா. கைக்கடிகாரம் 120 காட்டவில்லையே என்று ஓட ஆரம்பிக்காதீர்கள். பேசிப் பாருங்கள், போதும். பிபி 180/110-ஐத் தாண்டிய நாளில் நடை வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வேகமாக நடந்தால் நடுநெஞ்சில் இறுக்கம். நின்று சோடா குடித்தால் மூன்று நிமிடத்தில் சரியாகிறது. வாயுதானே?

வாயு அல்ல. சோடா குடிக்க நின்றீர்களே, அந்த நிற்றல்தான் இறுக்கத்தைத் தீர்த்தது. இந்த ‘வாயு’வை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்து, இதயத்தசை செத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஏராளம். நடந்தால் வந்து நின்றால் போகும் இறுக்கத்தை, வேறென்று நிரூபிக்கும்வரை இதயக் கோளாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இதய ரத்தக்குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும் உட்கார்ந்திருக்கையில் ரத்தம் போதும். நடக்கையில் இதயத்தசை கூடுதலாகக் கேட்கும், கிடைக்காது. “ஈசிஜி நார்மல்” என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். படுத்தபடி எடுத்த ஈசிஜி இப்படி இறுக்கம் வருகிறவர்களில் பலருக்கு நார்மலாகவே இருக்கும். இதயநோய் மருத்துவரைப் பார்க்கும்வரை வேகநடையை நிறுத்துங்கள். தாடை, இடது தோள், மேல்வயிறு எங்கே இறுக்கினாலும் இதேதான். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பு மட்டும் வரலாம். நின்று பத்து நிமிடமாகியும் விடவில்லையா, வியர்த்துக் கொட்டுகிறதா, 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: நடந்து முடித்ததும் தலை சுற்றுகிறது.

சட்டென்று நிற்கிறீர்கள். நடக்கையில் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது ஓய்ந்ததும் ரத்தம் காலில் தேங்குகிறது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறையுங்கள். நடந்துகொண்டிருக்கும்போதே மயக்கம் வந்தால் அது வேறு விஷயம். இதய வால்வைப் பார்க்க எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது. பூங்காவில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு எட்டு போடலாமா?

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் கூடாது. ஷூ போட்டு சமதரையில் நடங்கள். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம், சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். முன்பே சொன்னதுதான்: நெஞ்சு இறுக்கினால் நில்லுங்கள்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். தினமும் நடக்கிறேன், உடம்பு லேசாக இருக்கிறது. மாத்திரையை விடலாமா?

கூடாது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்ட்டுக்குள், அதாவது ரத்தக்குழாயை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழாய்க்குள், ரத்தம் உறையாமல் காக்கின்றன. அந்த வேலையை நடை செய்யாது. எதை எப்போது நிறுத்துவதென்று ஸ்டென்ட் வைத்த மருத்துவர் சொல்லட்டும்.