என்ன போட்டீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

மதுரையில் என் பார்லர் வாசலில் இருக்கும் கேள்விப் பெட்டியில் இந்த மாதம் முப்பது சீட்டாவது இருக்கும். பாதிச் சீட்டில் "முகத்தில் ஏதோ வந்திருக்கிறது, என்ன போடலாம் அக்கா" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஏற்கெனவே என்ன போட்டீர்கள், எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? ஒழுங்காக எழுதியவர்களுக்கு முதலிடம்.

பிரசவமாகி நாலு மாதம் ஆகிறது. தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது. வழுக்கை விழுந்துவிடுமா? (செல்லூர்)

விழாது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் கொட்டத் தொடங்கும், குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். டெங்கு, டைபாய்டு வந்து எழுந்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து இதே கதைதான். ரத்தசோகையும் தைராய்டும் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

பொடுகுக்குத் தினமும் எண்ணெய் வைக்கிறேன், போகவே இல்லை.

வைப்பதால்தான் போகவில்லை. பொடுகைக் கிளப்பும் பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது. எண்ணெயை நிறுத்திவிட்டு, பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசால் ஷாம்பூவை வாரம் இரண்டு நாள் போடுங்கள். தலைத்தோலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்டதும் தண்ணீர் ஊற்றினால் காசுதான் தண்ணீரோடு போகும்.

மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். பத்து நாளில் நல்ல வெளுப்பு. இப்போது நிறுத்தினால் முகம் எரிகிறது, பருவும் வருகிறது. வேறு என்ன கிரீம் போடலாம்? (வில்லாபுரம்)

கிரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் பத்து நாள் வெளுப்பு, நிறுத்தினால் எரிச்சல் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டீராய்டு களிம்பாகத்தான் இருக்கும். டியூபைத் திருப்பி, சிறிய எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி மேலுதட்டுக்கு த்ரெடிங் செய்ய வந்தாள். நூல் பட்ட மறு விநாடி தோல் உரிந்து ஈரம் கசிந்தது. விளக்கை இழுத்துப் பார்த்தால் கன்னம் முழுக்கச் சிவப்பு நூல் ஓடியது போல நரம்பு, தாடையோரம் பூனைமுடி. என்ன போடுகிறாய் என்று கேட்டதும் பையிலிருந்து டியூபை எடுத்தாள். பற்பசை தீரும்போது சுருட்டுவோமே, அப்படிக் கடைசிவரை சுருட்டி வைத்திருந்தாள். ஆறு மாதமாக அது ஏழாவது டியூபாம். டாக்டர் சீட்டு இல்லாமல், "கலர் வரும்" என்று சொல்லிக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். நூலைப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளை முகத்தில் அரை மணி நேரம் ஐஸ் தண்ணீர்த் துணி வைத்தேன். எனக்குக் கை நடுங்கியது.

ஸ்டீராய்டு களிம்புகள் நல்ல மருந்துகள்தான். கரப்பானுக்கும் சில அலர்ஜிகளுக்கும் டாக்டர் எழுதித் தருவார், இத்தனை நாள் என்று கணக்கும் சொல்வார். முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பரு கிளம்பும், முடி வளரும், கடைசியில் முன்பைவிடக் கறுக்கும். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு அடங்கும், படை வெளியே தெரியாமல் பரவும். 2018-லேயே மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. இன்னும் மிட்டாய் போல விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

வில்லாபுரத்துத் தங்கச்சி, வேறு கிரீம் எதுவும் வேண்டாம். டியூபையும் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். வசதி இல்லையென்றால் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. சிலருக்கு ஒரேயடியாக நிறுத்தினால் முகம் கொதித்துப் போகும். எப்படிக் குறைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எந்தப் பார்லரிலும், என் கடை உட்பட, உங்களுக்கு இப்போது ஃபேஷியலோ ப்ளீச்சோ செய்யக் கூடாது.

எந்த ஃபேர்னஸ் கிரீம் நல்லது?

எதுவும் வேண்டாம். அந்தக் காசுக்கு எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் வாங்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசுங்கள். மதுரை வெயிலில் காலையில் போட்டது மதியத்துக்கு நிற்காது.

பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாக இருக்கிறது.

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ரசாயனம் சிலருக்கு நிறத்தை அழித்துவிடும். இன்றே நிறுத்துங்கள். வெள்ளை பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். மேலே பவுண்டேஷன் பூசி மறைத்துக்கொண்டு அதே பொட்டைத் திரும்ப ஒட்டாதீர்கள்.

பையனுக்கு 14 வயது. கழுத்து கறுப்பாக, தடிப்பாக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. (ஆனையூர்)

தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா, பிள்ளைக்கு வலிக்கும். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பெரும்பாலும் இப்படி வரும். எடை கூடியிருக்கிறானா பாருங்கள், சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எடுங்கள். எலுமிச்சை தேய்த்து வெயிலில் அனுப்பினால் புண்ணாகும்.

ஹேர் டை போட்டால் நெற்றி வீங்குகிறது. அதனால் கறுப்பு மருதாணிக்கு மாறலாமா?

கூடாது. மருதாணி செம்மைதான் தரும். பத்து நிமிடத்தில் கறுப்பு பிடிக்கிறதென்றால் அதில் பிபிடி என்ற சாய ரசாயனம் இருக்கும், உங்கள் டையில் இருப்பதும் அதுதான். ஒரு தடவை வீங்கியவர்களுக்கு அடுத்த தடவை இன்னும் மோசமாகும். மற்றவர்களும் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன்: எது புதிதாக வாங்கினாலும் காதுக்குப் பின்னால் துளி வைத்து 48 மணி நேரம் பாருங்கள்.

சலூனில் பிளேடை மாற்றச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள் தம்பி. மஞ்சள் காமாலை பி, சி இரண்டும் ரத்தத்தில் பரவுபவை. பக்கத்து அறையில் முடி வெட்டும் என் தம்பி உறையைக் கண் முன்னால் பிரித்துத்தான் பிளேடைப் போடுவான். துண்டையும் மாற்றச் சொல்லுங்கள், படர்தாமரை அதிலும் வரும்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். புது ஃபேஷியல் ஒன்று செய்யலாமா?

இன்று திங்கள். காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கவே இரண்டு நாள் வேண்டும். புதிதாக எதுவும் வேண்டாம். முன்பு செய்து ஒத்துக்கொண்டதை மட்டும் செய்துகொண்டு, சீக்கிரம் தூங்கப் போங்கள்.