‘சரிங்க, சரிங்க’ன்னே பழகினவங்களுக்கு: மன சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

ஈரோட்டுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா இருக்கேன். மனசுக்குள்ள அடங்கிக் கிடக்கிறதைப் பேசிப் பேசித் தேடுற சைக்கோடைனமிக் தெரபி பத்தி நீங்க கேட்டதுக்கு என் பதில்கள் இது. பேரெல்லாம் விட்டுட்டேன்.

திருப்பூர்: பனியன் யூனிட் வெச்சிருக்கேனுங்க. கடன் இல்லை, குழந்தைங்க நல்லாப் படிக்கிறாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை மிஷின் சத்தம் நின்னா நெஞ்சு கனத்துப்போகுது. இதுக்கு சிகிச்சை இருக்குங்களா?

இருக்குங்க. வேலை ஓட்டத்துல அடங்கிக் கிடக்கிறது ஓய்வுல மேலே வருது. அது எங்கிருந்து வருதுன்னு தேடுறதுதான் இந்த முறை. பெரும்பாலும் வாரம் ஒருநாள், ஒரே நேரம், 45லிருந்து 50 நிமிஷம். கனவு, பழைய ஞாபகம், சொல்ல வெக்கப்படுறதுன்னு மனசுல வர்றதை வந்த வரிசையில பேசணும். அதுல திரும்பத் திரும்ப வர்ற தடத்தை தெரபிஸ்ட் கவனிப்பார். குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்கு மட்டும்னா சில மாசம் போதும். வேர் ஆழமா இருந்தா வருஷக்கணக்காகும். பயிற்சி, வீட்டுப்பாடம்னு வேணும்னா, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்குற சி.பி.டி.ங்கிற முறை பொருந்தும். அதுவும் நல்ல முறைதான்.

உடுமலை: பெத்தவங்க தறி ஓட்டி என்னை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல படிக்க வெச்சாங்க. அவங்களையே குறை சொல்லச் சொல்வாங்களா?

இல்லை அம்மிணி. குறை சொல்றது வேற, நடந்ததைச் சொல்றது வேற. உங்க நல்லதுக்குத்தான் சேர்த்துவிட்டாங்க. அவங்க பஸ் ஏறினப்புறம் ஹாஸ்டல் கேட் பக்கத்துலயே நின்ன புள்ளைக்கு அழுகை வந்திருந்தா, அதுவும் நெசம்தான். நன்றி இருக்கிற இடத்துல வருத்தம் இருக்கக்கூடாதுன்னு அமுக்கி வெச்சா, அது தூக்கமின்மையாவோ, புருஷன் மேல எரிச்சலாவோ வெளிய வரும்.

கோபி: நாலு மாசமாப் போறேனுங்க. அவர் அதிகம் பேசறதில்லை, யோசனையும் சொல்றதில்லை. கோபமா வருது, ஆனா அவர்கிட்டச் சொல்ல முடியலை. நிறுத்திடலாமா?

நிறுத்தறதுக்கு முன்னால, எனக்கு எழுதினதை அப்படியே அவர்கிட்டச் சொல்லுங்க.

நம்ம பக்கம் சண்டையிலகூட ‘ங்க’ போடுவோம். அந்த மரியாதை மேல எனக்கு ரொம்பப் பிரியம். ஆனா அப்பாகிட்டயும் முதலாளிகிட்டயும் ‘சரிங்க, சரிங்க’ன்னே பழகின வாய், தெரபிஸ்ட்கிட்டயும் அதையேதான் சொல்லும். உள்ள கோபம் இருக்கும், வெளிய தலையாட்டுவோம், ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம நின்னுடுவோம். இப்படி வேற யார்கிட்டயெல்லாம் நடந்திருக்குன்னு பாருங்க. பழைய உறவோட நெறத்தை தெரபிஸ்ட் மேல பூசிப் பார்க்கிறதை ஃபிராய்டு காலத்துலயிருந்தே டிரான்ஸ்ஃபரன்ஸ்னு சொல்றாங்க. இந்த சிகிச்சைல அதைவிட முக்கியமான விஷயம் இல்லை.

பயிற்சிக் காலத்துல நானும் இந்த சிகிச்சைக்குப் போனேன். என் தெரபிஸ்ட் ரெண்டு வாரம் லீவு போட்டார். அவர் திரும்பி வந்ததும் நான் ஒரு வாரம் போகலை. ‘என் மேல வருத்தமா?’ன்னு கேட்டார். ‘அதெல்லாம் இல்லைங்க’ன்னேன். சொல்லும்போதே, எங்கய்யன் மாட்டுச் சந்தைக்குப் போயிட்டு வராத ராத்திரி ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கும் அம்மாகிட்ட ‘பயமெல்லாம் இல்லை’ன்னுதான் சொன்னேன். அப்புறம் அந்த அறையில அரைமணி நேரம் அழுதேன்.

நீங்க சொன்னதைக் கேட்டு உங்க தெரபிஸ்ட் கோவிச்சுக்கிட்டாலோ, கேலி பண்ணினாலோ, தயங்காம வேற ஆளைப் பாருங்க.

பெருந்துறை: இங்க எல்லாரும் சொந்தபந்தம். வெளிய தெரியாதுங்களா?

ரகசியம் காக்கப்படுறது 2017ஆம் வருஷ மனநலச் சட்டப்படி உங்க உரிமை. உசுருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சட்டம் சொல்ற சில விலக்கு உண்டு. தெரபிஸ்ட் சொந்தக்காரரா இருந்தா அவர்கிட்டப் போகாதீங்க. கோயமுத்தூர்ல பார்க்கலாம், ஆன்லைன்லயும் பேசலாம்.

கோயமுத்தூர்: சரியான ஆளுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவெண் கேளுங்க. கூடவே, ‘சைக்கோடைனமிக் முறையை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க, இப்ப உங்களுக்கு வழிகாட்டி இருக்காங்களா?’ன்னும் கேளுங்க. நல்லவங்க தப்பா எடுத்துக்க மாட்டாங்க. பீஸையும் முதல் நாளே பேசிடுங்க.

தாராபுரம்: சாகலாம்னு அடிக்கடி தோணுது. இந்த சிகிச்சைக்கு வரலாமா?

வரலாங்க, ஆனா முதல்ல இன்னைக்கே மனநல மருத்துவரைப் பாருங்க. அரசு தலைமை மருத்துவமனைல செலவில்லாமப் பார்க்கலாம். மருந்தும் பேச்சும் சேர்ந்தே நடக்கலாம். ராத்திரி எந்நேரமானாலும் அரசோட மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம். வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இப்பவே சொல்லி, கூட இருக்கச் சொல்லுங்க.