எஸ்.பி.எம். மாணவிக்குக் கல்லூரிக் கால்குலஸ்: எப்போது, எந்த வழிக்கு?

மலேசியாவில் நான்காம் படிவத்தில் படிக்கும் உங்கள் மகளுக்கு அட் மேத்ஸ் (கூடுதல் கணிதம்) நன்றாக வருகிறது, இன்ஜினியரிங் ஆசையும் இருக்கிறது. பிறையில் உள்ள டியூஷன் சென்டரில், “கல்லூரிக் கால்குலஸை இப்போதே முடித்துவிடலாம்” என்கிறார்கள், கட்டணத்தைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இன்னும் கட்டாதீர்கள். அவளுடைய திறமையில் சந்தேகம் வந்து இதைச் சொல்லவில்லை. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதியில் வரும் அரசுத் தேர்வு) முடித்து எந்த வழியில் போகப்போகிறாள் என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்தச் செலவு சில வழிகளுக்கு மட்டுமே பலன் தரும்.

டியூஷன் சென்டர் சொல்வது அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட் தேர்வை. அதில் கால்குலஸுக்கு இரண்டு தாள்கள்: ஏபி, பிசி. (தேர்வின் பெயரைச் சுருக்கினாலும் தமிழில் “ஏபி” என்றே வந்து குழப்பும். இங்கே ஏபி என்றால் முதல் தாள் மட்டும்தான்.) மதிப்பெண் 1 முதல் 5 வரை. 4 அல்லது 5 எடுத்தால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும், அதாவது அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் வைக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி வேறு. எம்.ஐ.டி.யில் பிசி தாளில் 5 எடுத்தால்தான் அந்தப் பாடம் கழியும்.

மகள் ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ போய், யூ.பி.யூ. (அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறை) வழியாக அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வதுதான் திட்டம் என்றால், இந்தத் தேர்வு மெரிட்டில் (சேர்க்கைக்கான தகுதிப் புள்ளிக் கணக்கில்) ஒரு புள்ளியும் சேர்க்காது. அங்கே 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். வார இறுதியை டியூஷனில் தொலைத்துப் புறப்பாடத்தை விட்டுவிட்டால் நஷ்டம் அவளுக்குத்தான். மருத்துவம் என்று மனம் மாறினாலும் இதே பதில்: அங்கே நிற்க வைப்பது உயிரியலும் வேதியியலும்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்டி, டெய்லர்ஸ் போன்ற கல்லூரிகள் நடத்தும் அமெரிக்கப் பட்டத் திட்டத்தில் சேர்ந்து பிறகு அமெரிக்கா போவது, அல்லது நேரடியாக அங்கேயே விண்ணப்பிப்பது உங்கள் எண்ணம் என்றால் கதை வேறு. அங்கே கட்டணம் கிரெடிட் கணக்கில் ஓடுவதால், ஒரு பாடம் கழிந்தால் வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாகும். ஆனால் இங்குள்ள கல்லூரி கிரெடிட் கொடுத்துவிட்டால் போதாது. இரண்டாண்டு கழித்து மாறிப்போகும் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை மறுபடியும் புதிதாகப் பார்க்கும். எந்தத் தாள், எத்தனை மதிப்பெண், எந்தப் பாடத்துக்குப் பதிலாக என்று இரண்டு இடத்திலும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பவேண்டாம்.

அந்த வழிதான் என்று முடிவாகிவிட்டதா? அடுத்து, அவள் தயாரா என்று பார்க்க வேண்டும். அட் மேத்ஸில் ஏ இருப்பதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கால்குலஸில் பிள்ளைகள் கவிழ்வது பெரும்பாலும் கால்குலஸில் இல்லை, அல்ஜீப்ராவில். டிஃபரன்ஷியேஷன் (வகையிடல்) விதியைச் சரியாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது சறுக்குவார்கள். டியூஷனுக்குப் போகும் முன் இந்த ஒரு கணக்கைக் கொடுங்கள். கால்குலேட்டர் கூடாது, நேரம் பத்து நிமிடம்.

√(9+ஹெச்) என்பதிலிருந்து 3-ஐக் கழித்து, வருவதை ஹெச்-ஆல் வகுக்க வேண்டும். ஹெச் பூஜ்யத்தை நெருங்கும்போது விடை எதை நெருங்கும்?

அவள் √(9+ஹெச்) என்பதை 3+√ஹெச் என்று பிரித்து எழுதினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வர்க்கமூலத்தைக் கூட்டலுக்கு நடுவே பிரிக்க முடியாது. அப்படிப் பிரித்தால் மேலே √ஹெச் மட்டும் மிஞ்சி, விடை முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகும். சரியான வழி: மேலேயும் கீழேயும் √(9+ஹெச்)+3 என்பதால் பெருக்க வேண்டும். மேலே 9+ஹெச்−9, அதாவது வெறும் ஹெச். கீழே உள்ள ஹெச்-உடன் அது அடிபட்டுப் போக, மிஞ்சுவது 1-இன் கீழ் √(9+ஹெச்)+3. ஹெச் பூஜ்யத்தை நெருங்கினால் விடை 1/6. ஹெச்-ஐ அடிக்கும் முன்பே பூஜ்யம் போட்டு, “0/0, விடை இல்லை” என்று சொன்னால் அது வேறு சிக்கல், லிமிட் என்றால் என்ன என்பதே இன்னும் பிடிபடவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்யலாம், பயப்பட வேண்டாம். முதல் தவறுதான் பழக்கமாகிப்போன தவறு. அதற்கு ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு மாதம் பின்னம், சர்ட்ஸ், இண்டிசஸ், லாக் என்று தினமும் பத்துக் கணக்கு போட வேண்டும். கூடவே 1/(2+ஹெச்) என்பதிலிருந்து 1/2-ஐக் கழித்து ஹெச்-ஆல் வகுக்கும் கணக்கையும் கொடுங்கள். ஹெச் பூஜ்யத்தை நெருங்கும்போது விடை −1/4. இரண்டையும் யார் துணையும் இல்லாமல் போட்டால் தாராளமாகத் தொடங்கலாம்.

இப்போது பாடத்தின் இடைவெளி. அட் மேத்ஸில் டிஃபரன்ஷியேஷனும் இன்டெகிரேஷனும் (தொகையிடலும்) ஐந்தாம் படிவத்தில்தான் வருகின்றன, அதுவும் அல்ஜீப்ரா ஃபங்ஷன்களுக்கு மட்டும். டிரிகோணமெட்ரி அவற்றுக்குப் பின்னால் வரும் அத்தியாயம். ஆகவே சைன், கோசைன், எக்ஸ்பொனென்ஷியல், லாக் ஆகியவற்றை டிஃபரன்ஷியேட் செய்வது அவளுக்கு முழுக்கப் புதிது. இம்ப்ளிசிட் டிஃபரன்ஷியேஷன், ரீமன் கூட்டல், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், ஸ்லோப் ஃபீல்டு எல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியவை. செயின் ரூல், புராடக்ட் ரூல், மேக்சிமம், மினிமம், பரப்பு, சுழற்றி வரும் கன அளவு ஆகியவற்றின் அடித்தளம் ஏற்கெனவே இருக்கும். பிசி தாளுக்கு இவற்றோடு இன்டெகிரேஷன் பை பார்ட்ஸ், போலார், முடிவிலாத் தொடர்கள் எல்லாம் சேரும். பள்ளிப் படிப்போடு தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு ஏபி போதும் என்பேன். ஆறாம் படிவத்தின் இரண்டாம் தவணைக் கணிதத்தில் லிமிட் முதல் மெக்லாரின் தொடர் வரை கால்குலஸ்தான். அதை முடித்தவர்கள் பிசி-யை யோசிக்கலாம்.

எப்போது எழுதுவது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இந்தத் தேர்வு ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும். ஐந்தாம் படிவத்து மே மாதத்தில் எழுத வைத்தால், பள்ளியில் இன்டெகிரேஷன் முடிவதற்குள் கல்லூரித் தேர்வில் உட்கார வேண்டிவரும். எஸ்.பி.எம். முடிந்து அடுத்த மே மாதத்தில் எழுதட்டும். டிசம்பர் பாதியிலிருந்து மே தொடக்கம் வரை ஏறக்குறைய 20 வாரம். வாரம் 8 மணி நேரம் படித்தால் 160 மணி நேரம். அட் மேத்ஸ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு ஏபி தாளுக்கு அது போதும். முதல் 8 வாரம் டிஃபரன்ஷியேஷன், அடுத்த 7 வாரம் இன்டெகிரேஷன், கடைசி 5 வாரம் பழைய கேள்விகள் மட்டும். அந்தக் கடைசி 5 வாரத்தைக் குறைக்காதீர்கள். விரிவாக எழுதும் பகுதியின் பழைய கேள்விகளும் மதிப்பெண் கொடுத்த முறையும் காலேஜ் போர்டின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கான் அகாடமியில் முழுப் பாடமும் இலவசம். வெள்ளி கட்டித்தான் படிக்க வேண்டும் என்று இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மே தேர்வுக்கான பதிவு முந்தைய நவம்பர் பாதியில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். அது எஸ்.பி.எம். நெருக்கடி நேரம். தேர்வு நடத்தும் பள்ளிகள் குறைவு, வெளி மாணவர்களை எல்லாப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. செப்டம்பரிலேயே பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள சர்வதேசப் பள்ளிகளுக்கு எழுதி, தேர்வு ஒருங்கிணைப்பாளரிடம் இடம் கேளுங்கள். இடம் தந்தால் ஒரு சேரும் குறியீடு தருவார்கள். மகள் தன் காலேஜ் போர்டு கணக்கில் அதை உள்ளிட வேண்டும். கணக்கில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. நம்மவர்களுக்குப் பெயரின் நடுவே வரும் “A/P” (இன்னாரின் மகள்), “A/L” (இன்னாரின் மகன்) போன்றவை இங்கேதான் தொல்லை கொடுக்கும்.

மொழியும் பார்க்க வேண்டியது. மலாயில் கணிதம் படித்த பிள்ளைக்குப் பெம்பேசாஆன் (டிஃபரன்ஷியேஷன்), பெங்அமிரான் (இன்டெகிரேஷன்), கெச்செருனான் (சாய்வு) எல்லாம் சரளமாக வரும். தேர்வோ முழுக்க ஆங்கிலத்தில். “உன் விடைக்குக் காரணம் கூறு” என்று கேட்டால் ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும், படம் மட்டும் போதாது. ஒரு நோட்டில் மலாய்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு வரி விளக்கம் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

2025 மே தேர்வு முதல், 45 கொள்குறிக் கேள்விகளைக் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் கணினியில் செய்கிறார்கள், 6 விரிவான கேள்விகளைத் தாளில் கையால் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் சம மதிப்பு. தவறான விடைக்குக் கழிப்பு இல்லை, எதையும் காலியாக விடக்கூடாது. எண் விடையைச் சுருக்கத் தேவையில்லை. எஸ்.பி.எம். பழக்கத்தில் சுருக்கப் போய் நேரத்தையும் மதிப்பெண்ணையும் இழப்பவர்கள் உண்டு. தசம விடை மூன்று இடம் வரை சரியாக இருக்க வேண்டும், கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில் மாறிகளைப் பிரிக்காமல் தொடங்கினால் அந்தத் தீர்வுப் பகுதிக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பிரித்துவிட்டு மாறிலியைச் சேர்க்க மறந்தால் பாதி வழியில் மதிப்பெண் நின்றுவிடும்.

மடிக்கணினியில் புளூபுக்கை ஒரு மாதம் முன்பே இறக்கி, மாதிரித் தேர்வு ஒன்றை முழுதாக ஓட்டிப் பாருங்கள். கைப்பேசியில் அது ஓடாது. கால்குலேட்டர் அனுமதிக்கும் பகுதியில் டெஸ்மோஸ் வரைபடக் கருவி உள்ளேயே இருக்கிறது. எஸ்.பி.எம். கால்குலேட்டரோடு மட்டும் பழகியவள் அதில் வேர்களையும் பரப்பையும் கண்டுபிடிக்கக் கை பழகவேண்டும். முடிவு ஜூலையில் வரும். ஜூன் 20-க்குள் ஒரு பல்கலைக்கழகத்தைக் குறித்துவிட்டால் அந்த ஓர் இடத்துக்கு இலவசமாக அனுப்புவார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு.