ஏஜென்ட் சொல்லும் ஒரு வாரமா, சட்டம் சொல்லும் அறுபது நாளா?

தங்கச்சி, கிள்ளானிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்த இடத்தில் ஒரு முஸ்லிம் பையனைக் கல்யாணம் செய்யப் போவதாக எழுதியிருந்தாய். மதம் மாறினால் ஒரே வாரத்தில் காகிதம் கைக்கு வந்துவிடும் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறாராம். மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்துப் பெண் மாறித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறாய். வேண்டியதில்லை. நான் ஈப்போக்காரி. பதினொரு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில், கீழக்கரைக் குடும்பத்துப் பையனை, மதம் மாறாமல்தான் கட்டிக்கொண்டேன்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் மதமும் தடையில்லை, ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்பதும் தடையில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இருவருக்கும் உயிருடன் வேறு துணை இருக்கக் கூடாது. கல்யாணம் செய்யப் போகிறோம் என்று சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய 30 நாளாவது உங்களில் ஒருவர் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். உன் பையன் இந்த ஊரில் குடியிருப்பவர் என்றால் அது போதும். ஆனாலும் என்னிடம் வாடகை ஒப்பந்தமும் எஃப்ஆர்ஆர்ஓ என்கிற வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் பதிவுத்தாளும் கேட்டார்கள். நீயும் எடுத்து வை.

நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள். உங்கள் பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் சப் ரிஜிஸ்ட்ரார் அலுவலகப் பலகையில் தொங்கும். இந்த நாட்கள்தான் கஷ்டம். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். கம்பி வலைக்குப் பின்னால் எங்கள் தாள், ஒரு மூலை சுருண்டு, அவருடைய வாப்பாவின் பெயர் பாதி மறைந்திருக்கும். யாராவது அதைப் படம் எடுத்துப் போய்ச் சண்டைக்கு வருவார்களோ என்று வயிறு கலங்கும். ஒன்றைத் தெரிந்துகொள்: ஆட்சேபம் யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் வயது, முந்தைய திருமணம், மனநிலை, நெருங்கிய உறவுமுறை போன்ற சட்ட நிபந்தனை மீறப்பட்டிருந்தால்தான் அது நிற்கும். உன் அப்பாவுக்குக் கோபம் என்பதோ, பையன் வேறு மதம் என்பதோ காரணமே ஆகாது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணத்தை முடித்துவிடு, இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அன்றைக்கு மூன்று சாட்சிகள் வேண்டும். உறுதிமொழியை இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம். நாங்கள் தமிழில் சொன்னோம். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

காகிதங்களில் உனக்கு அலைச்சல் தருவது ஒன்றுதான், திருமணமாகாதவள் என்ற சான்று. என் அண்ணன் தேசியப் பதிவு இலாகாவில் அதை வாங்கி, விஸ்மா புத்ராவில், அதாவது நம் வெளியுறவு அமைச்சில், முத்திரை வைத்து அனுப்பினார். பிறப்புச் சான்றையும் கூடவே அனுப்பச் சொல்.

சரி, ஏஜென்ட் சொல்வதற்கு வருவோம். உன் மனம் இஸ்லாத்தை நாடினால் அது வேறு, அதில் நான் குறுக்கே பேச மாட்டேன். அவசரத்துக்காக மட்டும் மாறாதே. முஸ்லிம் தனிச் சட்டப்படி ஒரு முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்ணை அவள் மாறாமலே நிக்காஹ் செய்யலாம், இந்துப் பெண்ணை அப்படிச் செய்ய முடியாது. அப்படி நடந்த திருமணம் ஒழுங்கற்றது என்றும், பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு, மனைவிக்கு மஹர் என்கிற மணக்கொடை உண்டு, வாரிசுப் பங்கு கிடையாது என்றும் உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. சிறப்புச் சட்டத்தில் கட்டிக்கொண்டால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால், பிள்ளைகள் இருந்தாலும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மனைவி இருக்கும்போது கணவர் இன்னொரு திருமணம் செய்ய முடியாது, விவாகரத்தும் நீதிமன்றம் வழியாகத்தான்.

இன்னொரு பக்கம் நம் நாடு. அடையாள அட்டையில் ‘இஸ்லாம்’ என்று ஏறிவிட்டால், பிறகு விலக ஷரியா நீதிமன்றம் போக வேண்டும். 2007இல், இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவரான லினா ஜோய் என்ற பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமும் அதையேதான் சொன்னது.

ஆனால் மாறாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், ஒருவர் முஸ்லிமாக இருந்தால் அந்தத் திருமணத்தைப் பதிவே செய்யாது. பெங்களூர்ச் சான்றிதழைக் காட்டினாலும் இலாகாவின் ஏட்டில் நான் இன்னும் கன்னிதான். அம்மாவைப் பார்க்கப் போகும்போது என் கணவர் சுற்றுலாப் பயணியாகத்தான் என் கூட வருகிறார். அங்கே திரும்பிப் போய்க் குடித்தனம் நடத்த நினைத்தால், நோட்டீஸ் கொடுக்கும் முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

இங்கேயே இருப்பதென்றால் வழி தெளிவு. சான்றிதழ் வந்ததும் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் மாணவர் விசாவை, இந்தியரின் துணைக்குத் தரும் எக்ஸ் விசாவாக மாற்ற விண்ணப்பிக்கலாம். பதிவான திருமணம் இரண்டு வருடம் நிலைத்திருந்தால் ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்குப் போடலாம். நோட்டீஸும் விசா மாற்றமும் உன் மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். அது எந்தத் தேதியில் முடிகிறது என்று நீ எழுதவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துச் சொல், அங்கிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணுவோம்.